உனைசி வேண்டாமென்ற கடற்கரை

தீவுத் தலைநகரான சுவாவில் எந்தத் தெருவில் நின்றாலும் கடல் தெரியும். ஆனால் அதில் இறங்கிக் குளிக்க ஆசைப்பட்டால் பஸ் ஏற வேண்டும். ஊரைச் சுற்றிக் கல்சுவரும் சேறும் அலையாத்திக் காடும்தான். மணல் வேண்டுமென்றால் மேற்கே, நவுவா ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். அங்கே கடற்கரைகளுக்குக் குறைவில்லை, எந்தக் கரைக்குப் போவது என்பதுதான் பெரும்பாடு. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அதற்குக் கடைசி வார்த்தை சொல்பவள் உனைசி.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் சலவைக்கூடத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நாள் பிக்னிக் போவது வழக்கம். அதற்கான சண்டை ஒரு மாதம் முன்பே மடிக்கும் மேஜையருகே தொடங்கிவிடும். படுக்கை விரிப்பின் நுனிகளைப் பிடித்தபடி இரண்டு பெண்கள் எதிரெதிரே நடந்து வந்து சேரும்போது ஒருத்தி ஒரு கடற்கரையின் பெயரைச் சொல்வாள், மற்றவள் உதட்டைப் பிதுக்குவாள். விரிப்பு மடிந்து அடுக்கில் ஏறும், கடற்கரை முடிவாகாது. பிறகு எல்லாரும் உனைசியைப் பார்ப்பார்கள்.

"அங்கயா? மத்தியானம் தண்ணி வத்திப் போயிடும். கடலுக்குப் போறதுக்கு அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்கணும்."

"அந்த ஊர்ப் பெரியவரு யங்கோனாக் கட்டை வாங்கிட்டுப் பேச ஆரம்பிச்சார்னா நிறுத்த மாட்டாரு. நாம நனையறதுக்குள்ள பொழுது சாஞ்சுடும்."

"அங்க நாய்ங்க. நாம சுவாவுல கறி வாங்கும்போதே மோப்பம் பிடிச்சிடும்."

ஒவ்வொரு கரையும் ஏதோ ஓர் ஊருடையது. இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க் கட்டோடு போய்க் கேட்டுவிட்டுத்தான் காலை நனைக்க வேண்டும். எந்த ஊரில் யாரிடம் கேட்க வேண்டும் என்பது உனைசிக்குத் தெரியும். கால் வீங்குகிறவளுக்கு நிழல் வேண்டும், கை கால் கழுவாமல் ரொட்டியைத் தொடாத பிரமிளாவுக்குக் குழாய் வேண்டும், நீந்தத் தெரியும் என்று சாதிக்கிற தோரிகாவுக்கு இடுப்பைத் தாண்டாத தண்ணீர் வேண்டும். இதையெல்லாம் யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவளே மனதில் வைத்திருந்து, கடைசியில் ஒரு பெயரைச் சொல்வாள். அது சரியாகவே இருக்கும்.

ஒரே ஒரு பெயரை மட்டும் அவள் மேஜைக்கு வர விடுவதில்லை. வுனிந்திலோ. அகலமான மணல், கரையெல்லாம் புன்னை மரம் என்று போய் வந்தவர்கள் சொல்வார்கள். அது உனைசி பிறந்த ஊர் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

"அங்க தண்ணிக்கடியில கல்லு," என்பாள் ஒரு வருஷம். "ஆத்துத் தண்ணி கலங்கி வரும்," என்பாள் அடுத்த வருஷம். ஒரு தடவை, "புன்னை மரத்துல எறும்பு," என்றாள்.

இஸ்திரி மேஜையிலிருந்து பிரமிளா விடவில்லை. "ஏன் அக்கா, முன்ன கல்லுன்னீங்க, இப்ப எறும்புங்கறீங்க. கல்லையெல்லாம் எறும்பு தூக்கிட்டுப் போயிடுச்சா?"

"நீ கையப் பாரு. சட்டை கருகுது."

ஊரோடு ஏதோ மனத்தாங்கல் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கல்யாணம், சாவு என்றால் உனைசி போவாள். தனியாகப் போய்த் தனியாகத் திரும்பி வருவாள். பிக்னிக் என்றால் கூடவே மகள் லித்தியா வருவாள். லித்தியா அந்த மண்ணை மிதிக்கக் கூடாது.

பெண் கொடுத்த ஊருக்கு அவளுடைய பிள்ளை முதன்முதலாக வரும்போது, தகப்பன் வீட்டார் பாயும் துணியும் திமிங்கிலப் பல்லும் கொண்டுவந்து வைத்து, தாய்மாமன்களிடம் அந்தப் பிள்ளையின் முகத்தைக் காட்ட வேண்டும். காட்டியாகிவிட்டால் அந்தப் பிள்ளை மாமன் வீட்டு அடுப்பிலிருந்து சட்டியோடு தூக்கிக்கொண்டு போனாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. காட்டாமல் கால் வைத்தால் இரண்டு வீட்டாருக்கும் தலைகுனிவு. கைக்குழந்தையாக இருக்கும்போதே முடித்துவிடுகிற காரியம் இது. லித்தியாவுக்கு இப்போது இருபது வயது.

அவள் அப்பா பிலிமோனே துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன். கந்தாவு தீவுக்காரன். செய்ய மனமில்லாதவன் அல்ல. வருஷாவருஷம் பாய் சேர்ப்பான். யாராவது ஒரு சொந்தக்காரர் வீட்டில் சாவு விழும், பாயெல்லாம் அங்கே போகும். துணி சேரும், ஒரு கல்யாணம் வரும். இரண்டு தடவை திமிங்கிலப் பல்லே கைக்கு வந்தது. இரண்டு தடவையும் வாசலில் யாரோ வந்து தலையைக் குனிந்து உட்கார்ந்தார்கள். பிலிமோனேவுக்கு இல்லை என்று சொல்ல வராது. அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் உனைசி அவனைக் கட்டிக்கொண்டாள். அந்தக் குணத்தோடுதான் கடைசிவரை மல்லுக்கட்டினாள்.

"அடுத்த வருஷம் கண்டிப்பா," என்பான். சொல்லிவிட்டு அவளைப் பார்க்காமல் ரேடியோவைத் திருகுவான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஏதாவது ஒரு சனிக்கிழமை, கப்பலில் கூடுதல் வேலை என்று கிளம்பிப் போவான். இருட்டிய பிறகு யங்கோனாவில் சொக்கிய கண்ணோடு வந்து நிற்பான்.

"எந்த ஊர்க் கப்பல்ல யங்கோனா ஊத்தறாங்க?" என்று உனைசி கேட்பாள். சிரித்துக்கொண்டே படுத்துவிடுவான்.

போன மழைக்காலத்தில், காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

இந்த வருஷம் மடிக்கும் மேஜையில் சண்டை தொடங்கியபோது உனைசி விரிப்பின் நுனியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர்கள் வந்து போயின. எல்லாரும் வழக்கம்போல் அவளைப் பார்த்தார்கள்.

"நீங்களே பாத்துக்குங்க," என்றாள்.

விரிப்பைப் பிடித்திருந்த கைகள் அப்படியே நின்றன. துவைக்கும் இயந்திரங்கள் மட்டும் உருண்டுகொண்டிருந்தன.

புருஷன் போன துக்கம் என்று நினைத்தார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அதற்குள் இன்னொன்று இருந்தது. முதியோர் இல்லத்து வேலைக்காக லித்தியா ஆஸ்திரேலியா போகிறாள், கிறிஸ்துமஸ் முடிந்ததும் விமானம். போனால் நாலு வருஷம். தாய்மாமனுக்கு முகம் காட்டாமலே பெண் கடல் தாண்டப் போகிறாள். இனி காட்டுவதற்குத் தகப்பனும் இல்லை. இதை யாரிடம் சொல்ல? சொன்னால் செத்தவன் பெயர் கெடும்.

பிரமிளாவும் தோரிகாவும் தங்களுக்குள் ஒன்று பேசி முடித்தார்கள். அக்கா பிறந்த ஊரைப் பார்த்து நாளாயிற்று, வாய்விட்டுக் கேட்க மாட்டாள், நாமே கூட்டிக்கொண்டு போய்விடலாம். முகம் காட்டுகிற விஷயம் தோரிகாவுக்குத் தோன்றவே இல்லை. அவளும் கந்தாவுக்காரி, பிலிமோனேவுக்குத் தங்கை முறை. இருபது வயதுப் பெண்ணுக்கு அது ஆகாமல் இருக்கும் என்று அவள் எப்படி நினைப்பாள்? ஆயிற்றா என்று கேட்பதே அவமரியாதை.

தர்மேன் பஸ்ஸை ஓட்டினான். மற்ற நாளில் சுவாவிலிருந்து நவுவா தாண்டி ஓடுகிற பஸ், அன்றைக்கு வாடகைக்கு. பின் சீட்டில் பாட்டு, நடுவில் மரவள்ளிக்கிழங்குக் கூடைகள், பிரமிளாவின் மடியில் ரொட்டிப் பொட்டலங்கள். உனைசி ஜன்னலோரம் உட்கார்ந்து எங்கே போகிறோம் என்றுகூடக் கேட்காமல் வந்தாள். பாலம் தாண்டி, வெள்ளைக் கோயில் அருகே பஸ் இடப்பக்கம் திரும்பியபோதுதான் நிமிர்ந்தாள்.

"தர்மேன், ஏன் திரும்பறே? நேரா போ."

"வழி இதுதான் அக்கா."

"எதுக்கு வழி?"

"வுனிந்திலோ!" என்று பஸ் முழுக்கக் கத்தியது. "கல்லு, எறும்பு எல்லாத்தையும் இன்னைக்குப் பாத்துடறோம்," என்று பிரமிளா கை தட்டினாள்.

புன்னை மரங்களுக்குக் கீழே பஸ் நின்றது. மணலுக்கு அப்பால் கடல் பளபளத்தது. லித்தியா துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உனைசி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உக்காரு."

"ஏம்மா?"

"உக்காருன்னா உக்காரு." பிறகு மற்றவர்களிடம், "எனக்குத் தலை சுத்துது. நீங்க போங்க. நாங்க ரெண்டு பேரும் வண்டியிலயே இருக்கோம்."

உனைசிக்குத் தலை சுற்றி யாரும் பார்த்ததில்லை. தோரிகா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணி, என்ன விஷயம்?"

உனைசி எதிர் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில், "முகம் காட்டல," என்றாள்.

"யார் முகம்?" என்று கேட்ட தோரிகா, லித்தியாவைத் திரும்பிப் பார்த்தாள். கை தானாக வாய்க்குப் போயிற்று. "இவ்வளவு வருஷமாவா? அட எங்கண்ணா! ஊர்ல எல்லார் சாவுக்கும் பாய் தூக்கிட்டு ஓடின மனுஷன், பெத்த பொண்ணுக்கு ஒரு பாய் மிச்சம் வைக்கலையா?"

"அவரைத் திட்டாதே."

"நான் திட்டாம வேற யாரு திட்டுவா? எங்க தீவு ஆளு. நீங்க அழுங்க அண்ணி, திட்டற வேலையை நான் பாத்துக்கறேன்."

லித்தியா துண்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப வருஷா வருஷம் என்னாலதான் வேற எடத்துக்குப் போனோமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லம்மா."

"சொன்னா உங்கப்பாவைக் கேப்பே. அவரு என்ன பதில் சொல்லுவாரு?"

விஷயம் சீட்டு சீட்டாகப் பின்னால் போய்ச் சேர்ந்தது. பாட்டு நின்றது. இறங்கப் போன பெண்கள் படியிலேயே நின்றார்கள். பிரமிளா ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். "அவங்க எறங்கலைன்னா நாமளும் எறங்க வேண்டாம். பிக்னிக்கை பஸ்ஸிலயே வச்சுக்கலாம். இந்தா, ரொட்டி. கடலை ஜன்னல் வழியா பாத்துக்க."

"திரும்பிப் போயிடலாம்," என்றாள் உனைசி.

"எப்படிப் போறது? ஊருக்குள்ள பஸ்ஸைக் கொண்டாந்து நிறுத்தியாச்சு. ஒரு வார்த்தை சொல்லாமப் போனா அதைவிடக் கேவலம்," என்று தோரிகா யங்கோனாக் கட்டைக் கையில் எடுத்தாள். "நான் போய் உங்க அண்ணன்கிட்டப் பேசிட்டு வர்றேன். மன்னிப்புக் கேக்கறதா இருந்தாலும் எங்க தீவு சார்புல நான்தான் கேக்கணும்."

அவள் போனபின் பஸ்ஸுக்குள் வெக்கையாக இருந்தது. தர்மேன் ஓட்டுநர் சீட்டிலிருந்து திரும்பி, கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்கு இந்த விஷயமெல்லாம் தெரியாது அக்கா. தெரிஞ்சிருந்தா வண்டியைத் திருப்பியிருக்க மாட்டேன். பிலிமோனே அண்ணன் வர்ற ஊருதானேன்னு…"

"அவரு எங்க வந்தாரு?"

"இங்கதான். கோயில் கிட்ட எத்தனை தடவை எறக்கி விட்டிருக்கேன். கையில ஒரு கட்டு யங்கோனா இருக்கும். என்ன அண்ணே விசேஷம்னு கேட்டா, தவணை கேக்கப் போறேன்டாம்பாரு. திரும்பறப்ப கடைசி பஸ். நவுவா வர்றதுக்குள்ள தூங்கிடுவாரு. சுவாவுல நான்தான் எழுப்பணும்."

"சனிக்கிழமையா?"

"ஆமா. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி."

உனைசி மகள் மடியிலிருந்த துண்டை எடுத்து நாலாக மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள். லித்தியா அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

தோரிகா திரும்பி வந்தபோது அவளோடு எபராமா வந்தார். உனைசிக்கு மூத்த அண்ணன். பஸ்ஸுக்குக் கொஞ்ச தூரத்திலேயே நின்று, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். முறையாகக் காட்டுவதற்கு முன் இந்த மண்ணில் வைத்துப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதே. தவிர, அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதும் இங்கே அவ்வளவாக வழக்கமில்லை. அவர் தோரிகாவிடம் சொல்வதுபோல் கடலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். உனைசி ஜன்னலோரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உள்ள இருக்கறவங்ககிட்ட சொல்லும்மா. என் மச்சான் வருஷா வருஷம் வந்தான். என் முன்னாடி உக்காந்து, இந்த வருஷமும் முடியல, பொறுத்துக்கன்னான். சரி, குடின்னேன். குடிச்சான். போனான். கடைசியா வந்தப்ப வெறுங்கையா வரல. திமிங்கிலப் பல்லு ஒண்ணு கொண்டாந்தான்."

எபராமா கடலைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"குடுக்கறதுக்குன்னு நினைச்சேன். இல்லையாம். வீட்டுல வச்சா யாராவது வந்து கேப்பாங்க மச்சான், நான் குடுத்துடுவேன், பாயெல்லாம் சேர்ற வரைக்கும் உன் வீட்டுலயே ஒளிச்சு வையின்னான். எனக்குக் குடுக்க வேண்டியதை என்கிட்டயே ஒளிச்சு வச்ச ஆளை நான் அவனைத் தவிர பாத்ததில்ல."

முதலில் சிரித்தது உனைசிதான். அது அவளுக்குப் பழக்கமான சிரிப்பு. அவன் செய்கிற காரியங்களுக்கெல்லாம் அவள் சிரிக்கிற சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தவள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். பஸ்ஸே சிரித்தது, பஸ்ஸே மூக்கை உறிஞ்சியது.

தோரிகா கேட்டாள்: "சாவுக்கு வந்தப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"நான் எப்படிம்மா சொல்றது? எனக்கு வர வேண்டிய சீரை நானே தூக்கிட்டு உங்க வாசலுக்கு வர முடியுமா? வருவாங்க வருவாங்கன்னு உக்காந்திருந்தேன். இப்ப வந்தாச்சு. சீக்கிரம் ஆகட்டும், மீன் அடுப்புல இருக்கு."

அதன்பின் நடந்ததை சலவைக்கூடம் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறது. பஸ்ஸிலிருந்த பாய்களைக் கணக்குப் பார்த்தார்கள். உட்கார்ந்து சாப்பிடக் கொண்டுவந்தவை, போதவில்லை. கால் மண்ணில் படாதபடி பஸ் படியிலிருந்து முன்னால் விரித்து, லித்தியா அடுத்ததுக்குப் போனதும் பின்னால் இருந்ததை உருவிக்கொண்டு ஓடி முன்னால் போட்டார்கள். வருஷமெல்லாம் விரிப்பு மடிக்கிற கைகள்; ஒரு மடிப்பும் கலையவில்லை. ஆஸ்திரேலியா போகிறவளுக்கென்று பிரமிளா வாங்கிக் கொண்டுவந்திருந்த சிவப்புச் சேலையை அவள் இடுப்பில் கட்டியிருந்த சுலுத் துணிக்கு மேல் சுற்றிவிட்டார்கள். முகத்தை மறைத்தும் விட்டார்கள். லித்தியாவுக்கு வழி தெரியவில்லை. "இடது கால், இடது கால்," என்று தோரிகா கத்திக்கொண்டே வந்தாள்.

எபராமா வீட்டுப் பின்வாசல் வழியாகப் பல்லை எடுத்து வந்து தோரிகாவின் கையில் கொடுத்துவிட்டு, அவசரமாக உள்ளே போய் முன்வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"பேசறதுக்கு ஆம்பளை ஒருத்தன் வேணுமே," என்றாள் தோரிகா. கூட்டத்தில் ஒரே ஒரு ஆண்தான் இருந்தான்.

"நானா? நான் நவுசோரிக்காரன் அக்கா. எங்க தாத்தா கரும்பு வெட்டக் கப்பல்ல வந்தவரு."

"இன்னைக்கு நீ கந்தாவு. அவரைத் தூங்கவிடாம எழுப்பி வீட்டுக்கு அனுப்பினவன் நீதானே? நீ சொந்தம்தான். உக்காரு. நான் சொல்லச் சொல்லச் சொல்லு."

தர்மேன் பல்லை இரண்டு கையாலும் ஏந்தி உட்கார்ந்தான். தோரிகா காதில் சொன்னதைக் கொஞ்ச தூரம் சொன்னான். பிறகு அவனுக்கே வந்துவிட்டது.

"நாங்க கொண்டாந்தது சின்ன சாமான். பாயும் கொஞ்சம். கடல் தாண்டி வந்ததுல நேரமாயிடுச்சு, வழியில பல பேருக்கு வேண்டியிருந்தது, எங்களால இல்லைன்னு சொல்ல முடியல. ஆனா பொண்ணை வேற யாருக்கும் குடுக்கல. இதோ, உங்க பிள்ளையோட முகம்."

எபராமா பல்லை வாங்கி, முதன்முதலாகப் பார்ப்பவரைப் போல இப்படியும் அப்படியும் திருப்பினார். "நல்ல கனம்," என்றார். ஊர்க்காரர்கள் குவிந்த கையால் ஒரே சீராகத் தட்டினார்கள். பிரமிளா சேலை நுனியை விலக்கினாள். எபராமா மருமகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "மச்சான் மூக்கு," என்று சொல்லி, அவள் கன்னத்தில் முகம் வைத்து மூச்சை உள்ளே இழுத்தார். கதவோரம் உட்கார்ந்திருந்த உனைசி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. அடுத்த வருஷம் கண்டிப்பா என்றது போலிருந்தது என்று பக்கத்திலிருந்தவள் பிறகு சொன்னாள்.

"என்னடி நிக்கறே? எதையாவது எடு!" என்றாள் தோரிகா. "இனிமே இந்த வீட்டுல உன்னைக் கேக்க ஆளில்ல."

லித்தியா சுற்றுமுற்றும் பார்த்தாள். சுவர் ஆணியில் மாமாவின் முக்குளிக்கும் கண்ணாடி தொங்கியது. கழற்றிக்கொண்டு ஓடினாள்.

"அதை விட்டுடும்மா, நாளைக்கு நான் மீனுக்குப் போகணும்!"

"கேக்கக் கூடாது அண்ணே!" என்று வீடு முழுக்கக் கத்தியது.

மத்தியானம் சலவைக்கூடம் மொத்தமும் கட்டின துணியோடு கடலில் கிடந்தது. உனைசி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். அலை வந்து தூக்கும்போது ஏறி, விடும்போது இறங்கினாள். தோரிகா பக்கத்தில் கையைக் காலை அடித்து, இது நீச்சல்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி லித்தியா கண்ணாடியோடு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டாள், எடுத்தாள்.

"அம்மா! கீழ நிஜமாவே கல்லு இருக்கு!"

பிரமிளா உனைசியைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப எறும்பு?"

"மரத்துல," என்றாள் உனைசி. "உன் ரொட்டிப் பொட்டலத்தை எங்க வச்சிருக்கே?"

பிரமிளா கரையைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரை இரைத்தபடி புன்னை மரத்தை நோக்கி ஓடினாள்.